உரியவர் வந்தால் ஒப்படைக்கவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரன். முடிச்சூர் சாலையில் 'அசரியா ஆர்கான் வெல்டிங்' என்று பலகை மாட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. விரிசல் விட்ட பைக் என்ஜின், ஒழுகும் ஏசி பைப், கேன்டீன்காரர்களின் குண்டான் என்று அலுமினியத்தில் எது உடைந்தாலும் தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் மெக்கானிக்குகள் என்னிடம்தான் அனுப்புவார்கள். "வேலை சுத்தமா இருக்கும், அந்தாளு வாய்தான் சரியில்ல" என்று சொல்லியே அனுப்புவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் கோபத்துக்கு அலுமினியமும் ஒரு காரணம். இரும்பு நல்ல பிள்ளை. சூடு ஏற ஏறச் சிவக்கும், உருகப்போகிறேன் என்று சொல்லிவிட்டு உருகும். அலுமினியம் ஒன்றும் சொல்லாது. வெள்ளையாக, சாதுவாக அப்படியே இருக்கும். அடுத்த நொடி பொத்தென்று ஓட்டை விழுந்து கீழே சொட்டிவிடும். போதாததற்கு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. உள்ளே இருப்பதை உருக்குகிற சூட்டைப்போல மூன்று மடங்கு வேண்டும் அந்தத் தோலை உருக்க. தோலை நீக்காமல் நெருப்பு வைத்தால் உள்ளே கஞ்சியாகிவிடும், மேலே ஒட்டாது.

அதனால் எங்கள் வேலையில் பாதிக்கு மேல் தேய்ப்பதுதான். அலுமினியத்துக்கென்று தனி பிரஷ் வேண்டும், அதில் இரும்பைத் தேய்க்கவே கூடாது. எண்ணெய், வியர்வை, ஏன், கைரேகை இருந்தால்கூட ஒட்டின இடத்தில் குமிழி விட்டுப் பொத்தல் பொத்தலாக நிற்கும். என் பிரஷ்ஷின் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். ஒருமுறை என் மனைவி ரத்தினபாய் அதை எடுத்து வீட்டுக் கதவின் துருவைத் தேய்த்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

தேய்க்கிற விஷயத்தில் என்னை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. போன ஐப்பசி வரைக்கும் இருந்தது.

அன்று காலையிலிருந்தே தூறல். ஓர் ஆட்டோ வந்து நின்றது. எழுபது வயதுக்காரர் ஒருவர், முழுக்கைச் சட்டை போட்டவர், போர்வையில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு இறங்கினார். தான் நனைந்தாலும் அது நனையக் கூடாது என்பதுபோலக் குனிந்து வந்தார். மேஜை மேல் வைத்துப் பிரித்தால், ஒரு வாக்கர். நடக்க முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, நாலு கால் வைத்தது, அதுதான். வலது பக்கத்து முன்காலில், குறுக்குக் கம்பி சேரும் இடத்தில் விரிசல். அதன் மேல் எம்சீல் பசையை அப்பி, அதன் மேல் துணி சுற்றி, அதன் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தது.

"யாரு சார் இந்த டாக்டரு?" என்றேன், அந்தத் துணிக்கட்டைக் காட்டி.

"நான்தான் சார்," என்றார். "பேர் ஸ்ரீரங்கன். சிட்லபாக்கத்துலேர்ந்து வரேன். ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். இதெல்லாம் எனக்குத் தெரியாது."

"தெரியாததைத் தெரியாதுன்னு வுட்டுடணும் சார். இத்த மொதல்ல சொரண்டி எடுக்கவே எனக்கு அரை நாள் பூடும். டியூப்பு வேற பேப்பர் கணக்கா கீது. நெருப்பு காட்னாலே ஓட்டை வுழும். புதுசு வாங்கிப் போங்க, மெடிக்கல் ஷாப்புல தொங்குது."

"புதுசு வீட்ல இருக்கு சார். பையன் கேஷவ் பெங்களூர்லேர்ந்து அனுப்பிட்டான். அவ தொட மாட்டேங்கிறா."

அவர் மனைவி பெயர் ஞானாம்பாள். தாம்பரம் ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் கிளார்க்காக இருந்தவராம். மின்சார ரயிலில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற குடை, டிபன் பாக்ஸ், பள்ளிக்கூடப் பை எல்லாம் அந்த அம்மாவின் மேஜைக்குத்தான் வருமாம். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டிவைத்து, தேடி வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டு, அவர்களுடையதுதான் என்று தெரிந்த பிறகே கொடுப்பாராம். நாலு வருடமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது.

"சில நாள் என்னையே, 'எந்த ஸ்டேஷன்ல எறங்கணும் சார்'னு கேப்பா," என்றார் ஸ்ரீரங்கன். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. "ஆனா இந்த வாக்கர் அவளோடதுன்னு மட்டும் தெரியும். தெனம் காலைல ஒம்பதரை மணி ரயில் ஹார்ன் அடிக்கும். எங்க ஏரிக்கரைத் தெருவுல நல்லாக் கேக்கும். உடனே டியூட்டிக்குக் கெளம்பிடுவா. இதைப் புடிச்சுக்கிட்டு வாசல் கேட் வரைக்கும் நடப்பா. 'இன்னைக்கு லீவு ஞானம்'னு சொன்னா திரும்பி வந்துடுவா. அதுதான் அவ நடக்கிற நடை. இது ஒடஞ்சு ஆறு நாளாச்சு. புதுசைக் குடுத்தா, 'இது யாரோடது, அடுத்தவங்க பொருளை எப்படித் தொடறது'ன்னு கையை இழுத்துக்கிறா. படுத்தே கெடக்கிறா சார். இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா காலு மடங்கிப் போயிடும், அப்புறம் எழுப்பவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மழையில் நின்ற மனிதரை உட்காரச் சொல்லக்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

"பண்ணித் தர்றேன் சார்," என்றேன். "உள்ளார ஒரு சின்ன டியூப்பு சொருவி, அதும் மேல பத்த வெக்கிறேன். வெயிட்டு தாங்கும்."

"எதையும் மாத்திடாதீங்க. அவளுக்கு அப்படியே இருக்கணும்."

"ஒரு மில்லி மாறாது சார்," என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அளவு டேப்பை எடுத்து நாலு காலின் உயரத்தையும் கைப்பிடி அகலத்தையும் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினேன். அவர் சொன்னதற்கு அதுதான் அர்த்தம் என்று என் மண்டைக்கு எட்டியது. அளவு மாறினால் தடுமாறி விழுவார்கள், அது சரிதானே? அவரும் நான் எழுதினதைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார். மறுநாள் காலை ஒன்பதரைக்குள் நானே வீட்டுக்குக் கொண்டு வருவதாகச் சொன்னேன். எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கும் நான் போனது கிடையாது.

அவர் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். எம்சீலைச் சுரண்டினால் அதற்கடியில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன், சந்தனம். அதன் மேல் குங்குமம். ஒரு தடவை வைத்ததல்ல. வைத்து, காய்ந்து, அதன் மேலேயே மறுபடி வைத்து, பொருக்குத் தட்டிப்போயிருந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் லேத் மெஷினுக்கும் லாரிக்கும் பொட்டு வைப்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன், என் மெஷினுக்கு வைத்ததில்லை. ஆனால் வாக்கருக்குப் பொட்டு வைத்து அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு அது ஓர் ஆயுதம்தானே! இடது கம்பியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கம்பி முழுக்கத் தேங்காயெண்ணெய்க் கையின் பிசுக்கு. கறுப்பு ரப்பர்க் கைப்பிடி இரண்டும் வழுவழுவென்று ஆகியிருந்தன. வலது கைப்பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி ஒரு பள்ளம்.

ரப்பர் கருகக் கூடாதென்று இரண்டு கைப்பிடியையும் பிளேடால் கீறி உரித்தெடுத்தேன். விரிசலைச் சுற்றித் தேய்த்துவிட்டு நெருப்பு வைத்தேன். உலோகம் பொரிந்தது. சந்தனமும் எண்ணெயும் விரிசலுக்குள் இறங்கியிருந்திருக்கின்றன; கறுப்பாகப் புகைந்து, பணியாரக் குழிபோலக் குழி குழியாக நின்றது. அதை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி வைத்தேன். எப்போதும் செய்கிற அதே வேலையை அலுமினியம் செய்தது: சும்மா இருந்து, சும்மா இருந்து, பொத்தென்று விழுந்தது. கண்ணாடி முகமூடியைத் தூக்கி அடித்தேன். சந்தனத்தையும் வைதேன், எம்சீலையும் வைதேன், கணக்கு வாத்தியாரையும் வைதேன். அந்த அம்மாவை மட்டும் வையவில்லை.

மூன்றாவது தடவை உட்கார்ந்து, சிவப்பு டேப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உள்ளே டியூப்பைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். மீன் செதில்போல வரிசையாக, ஒரு பொத்தல் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. இத்தனை மெல்லிய குழாயில் இப்படி ஓர் ஒட்டு நான் போட்டதில்லை. என் முழு எடையையும் வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஒட்டுப் போட இரண்டு அங்குலம் சுத்தமாக இருந்தால் போதும், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு அங்குலம் மட்டும் வெள்ளிபோல மின்ன, மீதி அழுக்காக நின்றது என் கண்ணை உறுத்தியது. அத்தனை அழகான ஒட்டைச் சுற்றி இத்தனை பிசுக்கா? பாவம், அந்த அம்மாவுக்கு நல்லதாகக் கொடுப்போம் என்று நினைத்தேன். மஞ்சள் கயிற்றை அறுத்தேன். கம்பி முழுவதையும் தேய்த்தேன். பஃப் மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கினேன். காலுக்கு நாலு புது ரப்பர், கைக்கு இரண்டு புதுக் கைப்பிடி. பழையதெல்லாம் குப்பைக்கூடைக்குப் போய், சாயங்காலம் வந்த மாநகராட்சி வண்டியிலும் போய்விட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதில் பாதி என் கர்வம், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடையைப் பூட்ட வந்த ரத்தினபாய் அதைப் பார்த்துவிட்டு, "ஐயே, புச்சு மாதிரியே கீதே!" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் சிட்லபாக்கம் போய்விட்டேன். ஸ்ரீரங்கன் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்த முகம் மலர்ந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுபோனது. கைப்பிடியைத் தொட்டார். கயிறு இருந்த இடத்தைத் தொட்டார்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சார்," என்றார் மெதுவாக.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்து, "ஒட்டு தெரியுதா பாருங்க, தெரியாது," என்றேன்.

உள்ளறையில் ஞானாம்பாள் அம்மா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தேழு, அறுபத்தெட்டு இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, மூக்குக்கண்ணாடி, நல்ல தீட்சண்யமான பார்வை. நோயாளி என்றே சொல்ல முடியாது. மூலையில் பெங்களூரிலிருந்து வந்த வாக்கர் உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

ஒன்பதரைக்கு ஹார்ன் கேட்டது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிறது. அந்த அம்மா உடனே நிமிர்ந்தார். "நேரமாயிடுச்சு," என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு காலையும் கீழே போட்டார். பாதம் தரையில் பட்டது. ஸ்ரீரங்கன் வாக்கரை முன்னால் கொண்டுபோய் வைத்தார். நான் என்னையறியாமல், "கர்த்தாவே" என்றேன்.

வலது கை கைப்பிடியைப் பிடித்தது. கட்டைவிரல் மட்டும் அந்த ரப்பரின் மேல் முன்னும் பின்னும் எதையோ தேடியது. பள்ளத்தைத் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான் ஞானம். நல்லாப் பாரு. ரிப்பேர் பண்ணிக்கொண்டு வந்திருக்காங்க."

"என்னோடது இப்படி இருக்காது. இது புதுசு. யாரோ வண்டில வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"அம்மா, அந்த வாக்கர்தான்மா இது," என்றேன். "நான்தான் தொடச்சேன். அழுக்கா இருந்துச்சுன்னு தொடச்சுட்டேன்."

என்னை மரியாதையாகப் பார்த்தார். நம்பவில்லை.

எனக்குப் பித்துப் பிடித்தாற்போல ஆகிவிட்டது. "சார், சந்தனம், குங்குமம் எங்க?" என்று கேட்டேன். ஸ்ரீரங்கன் பூஜை அலமாரியிலிருந்து கிண்ணத்தோடு எடுத்து வந்தார். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகச் சந்தனத்தைக் குழைத்தேன். தரையில் மண்டியிட்டு, எந்தெந்த இடத்தில் இருந்ததோ அந்தந்த இடத்தில், ஞாபகத்தில் இருந்தபடி வைத்தேன். அதன் மேல் குங்குமம். நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கின கம்பியில் சந்தனம் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"அடுத்தவங்க பொருளுக்குப் பொட்டு வெச்சா நம்மளோடது ஆயிடுமா சார்?"

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"யாரோ முடியாதவங்க, பாவம். இது இல்லாம அவங்க எப்படி நடப்பாங்க? தேடிக்கிட்டு வருவாங்க." ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பி, "ஒரு சீட்டும் பேனாவும் குடுங்க," என்றார். மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார் அவர். "கண்டெடுத்தது நீங்கதானே? உங்க பேர் என்ன சார்?"

"அசரியா."

கணவர் பெயர் மறந்துபோன கை, அச்சு அடித்தாற்போல எழுதியது. 'பொருள்: வாக்கர், புதியது, ஒன்று. கண்டெடுத்தவர்: திரு. அசரியா. உரியவர் வந்தால் ஒப்படைக்கவும்.' கீழே கையெழுத்து, ஞானாம்பாள். நூல் கேட்டு வாங்கி, அவரே கம்பியில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். "ஆபீஸ்ல பத்திரமா வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டார். முட்டியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்க வேண்டியிருந்தது.

வாசலில் ஸ்ரீரங்கனிடம், "எல்லாத்தையும் தேய்ச்சுட்டேன் சார். நீங்க சொன்னீங்களே, மாத்தாதன்னு. சொன்னீங்களே சார்," என்றேன். அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நல்லதுக்குத்தானே பண்ணீங்க," என்று என் தோளைத் தொட்டார். சீட்டோடு வாக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்ததும் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். வண்டியில் போய்விட்டது என்று தெரிந்தேதான் கவிழ்த்தேன்.

அதன் பிறகு ஸ்ரீரங்கன் வந்தது மாசி மாதத்தில். தாடி வளர்ந்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அந்தக் காலையில் தரையில் பட்ட பாதம் அதன் பிறகு தரையில் படவே இல்லையாம். முதுகில் புண் வந்து, சளி கட்டி, தை கடைசியில் அந்த அம்மா போய்விட்டார்.

"தெனம் ஒம்பதரைக்கு ஹார்ன் அடிச்சா ஒரே கேள்விதான் சார்," என்றார். "'என் வாக்கர் கெடச்சுதா?' நான் தேடிக்கிட்டிருக்காங்கன்னு சொல்வேன். ஒருநாள் தாங்க முடியாம அழுதுட்டேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'பதறாதீங்க சார், நல்லவங்க கையிலதான் கெடச்சிருக்கும். கண்டிப்பாக் கொண்டுவந்து குடுப்பாங்க. நான் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன்'னு எனக்கு ஆறுதல் சொன்னா."

சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த வாக்கரை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். "எடுத்துக்கினு போங்க சார். உங்களோடது."

அவர் சீட்டைக் கையில் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையெழுத்தை விரலால் தடவினார்.

"இதுல என் பேர் இல்லையே சார்," என்றார். "அவ கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

மறுபடி அதை ஆணியில் மாட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். ஆள் இருக்கிறது, வருவார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். முடிச்சூர் சாலையின் புழுதி முழுக்க அதன் மேல் படிந்து, பளபளப்பெல்லாம் மங்கிவிட்டது. நான் துடைப்பதில்லை.